பட்டாளத்துப் பெட்டியில் கிடக்கும் சுதந்திர விழாப் பதக்கங்கள்: அடையாளம் காண, படிக்க, பாதுகாக்க ஒரு முழு வழிகாட்டி

ராணுவத்தில் இருந்த தாத்தாவின் மெடல்களைப் பழம்பொருள் வியாபாரியிடம் கொண்டுபோனால் என்ன நடக்கும் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்காகத் தந்த பர்மா ஸ்டாரைக் கையில் எடுப்பார். 1965, 1971 போர்களின் பதக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சுதந்திரப் பதக்கத்தையும் அதன் ஆண்டு விழாப் பதக்கங்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இது அன்னைக்கு சர்வீஸ்ல இருந்த எல்லாருக்கும் கொடுத்ததுங்க, காசு பெறாது" என்பார்.

அவர் சொல்வது பொய்யில்லை. இந்தப் பதக்கங்களுக்கு வீரச்செயல் தேவையில்லை, போர்க்களத்தில் இருந்திருக்கவும் வேண்டாம். குறிப்பிட்ட தேதியில் சீருடையில் இருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ வீடுகளில் இவற்றைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். குடும்பத்து ஆள் யார், எந்தப் படைப்பிரிவில், என்ன பதவியில் இருந்தார் என்று தேடுகிறவர்களுக்கு அந்த வரிசையிலேயே அதிகம் பேசும் பதக்கம் பெரும்பாலும் இதுதான். அதைப் பேசவைப்பது எப்படி, பேச்சுப் போகாமல் காப்பது எப்படி என்பதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்திய அரசு தந்த நான்கு பதக்கங்களை. முதலாவது 1947 சுதந்திரப் பதக்கம். அதைத் தொடர்ந்து வந்தவை 1972இல் 25ஆம் ஆண்டு, 1997இல் 50ஆம் ஆண்டு, 2022இல் 75ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கங்கள். முதலாவது விடுதலை நாளையே குறிப்பது, மற்ற மூன்றும் ஆண்டு விழாவுக்கானவை. ஆனாலும் நான்கும் ஒரே குடும்பம். ஒன்றை வைத்துத்தான் மற்றதைப் புரிந்துகொள்ள முடியும்.

படி 1: பதக்கம்தானா என்று பாருங்கள்

பெட்டியில் வட்டமாக, விடுதலை ஆண்டு விழாவைச் சொல்வதாக எது இருந்தாலும் அதை மெடல் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. 1972இல் வெள்ளி விழாவுக்காக 10 ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்பார்கள். பாதி வெள்ளி கலந்த பெரிய நாணயம் அது. அதே ஆண்டில் 50 பைசாவிலும் அந்தப் படம் வந்தது. 1997இல் தண்டி யாத்திரையைக் காட்டும் 50 பைசா புழக்கத்துக்கே வந்தது. இவையெல்லாம் நாணயங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்கும் வழங்கப்பட்டவை அல்ல, யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம்.

வித்தியாசம் சுலபம். முகமதிப்பு அச்சிட்டிருந்தால் நாணயம். முகமதிப்பும் இல்லாமல், மேலே ரிப்பன் கோக்கும் பட்டையும் இல்லாமல் வெறும் வட்டத் தகடாக இருந்தால் அது நினைவு வில்லை. பள்ளிகள், தொழிற்சாலைகள், சங்கங்கள், தனியார் பட்டறைகள் என்று பலரும் விழாக் காலங்களில் அடித்து விநியோகித்த வகை. மேலே குறுக்குப் பட்டையும் அதில் ரிப்பனும் இருந்தால்தான் மார்பில் அணியும் பதக்கம். நகத்தளவே உள்ள சின்னப் பதக்கம் கிடைத்தால் குழம்ப வேண்டாம். அது மெஸ் விருந்து உடையில் அணியும் சிறு வடிவம். சொந்தச் செலவில் வாங்குவது, அதில் பெயர் இருக்காது.

படி 2: நான்கில் எது?

1947 பதக்கத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. செப்பும் நிக்கலும் கலந்த, வெள்ளியைப் போலத் தெரியும் வட்டம். ஒரு பக்கம் அசோகச் சக்கரம், அதன் தலைக்கு மேல் பிரிட்டிஷ் மகுடம், சுற்றிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரும் பட்டமும் லத்தீனில். மறுபக்கம் சாரநாத் சிங்கங்கள், 'இந்திய சுதந்திரம், 15 ஆகஸ்ட் 1947' என்று ஆங்கிலத்தில். ரிப்பன் காவி, வெள்ளை, பச்சை என மூன்று சம அளவுப் பட்டைகள்.

சக்கரத்துக்கு மேல் மகுடமா என்று பலர் அதிர்ச்சி அடைகிறார்கள், போலி என்றுகூட நினைத்துவிடுகிறார்கள். இல்லை. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியனாக இருந்தது. சட்டப்படி நாட்டின் தலைவர் அந்த மன்னர்தான். அந்த இரண்டரை ஆண்டு இடைவெளியில் உருவான சின்னம் இது. பழையது போகும்போதும் புதியது வரும்போதும் ஒரே உலோகத்தில் இரண்டும் பதிந்திருக்கும் இன்னொரு பொருளை நம் வீடுகளில் காண்பது கஷ்டம். எனக்கு நான்கிலும் பிடித்தது இதுதான்.

யாருக்குக் கிடைத்தது என்பதிலும் நம் பக்கத்துக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. விடுதலை நாளில் இந்திய அரசின் கீழ் இருந்த படையினருக்கு மட்டுமில்லாமல், 1948 தொடங்கும் முன் இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்களின் படையினருக்கும் தந்தார்கள். திருவிதாங்கூர் அப்படி இணைந்த சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை அந்த நிலப்பரப்பில்தான் இருந்தது. அதனால் நாகர்கோவில், தக்கலை பக்கத்துக் குடும்பங்களில் "எங்க தாத்தா ராஜா பட்டாளத்துல இருந்தார், இந்திய ராணுவம் இல்லை" என்று சொல்லி இந்தப் பதக்கத்தை வேறு யாருடையதோ என்று நினைத்துவிட வேண்டாம். திருவிதாங்கூர்ப் படைகள் பிற்பாடு மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களாகவே ஆயின.

மற்ற மூன்று பதக்கங்களில் ஆண்டு விழா எண்ணையும் ஆண்டையும் தேடினால் போதும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25ஆம் ஆண்டுப் பதக்கம், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்கு 50ஆம் ஆண்டுப் பதக்கம், 2022க்கும் அதே கணக்கு. 50ஆம் ஆண்டுப் பதக்கத்தைக் காவல்துறை, துணை ராணுவப் படையினரிடமும் பார்க்கலாம். அதனால் அப்பா போலீஸில் இருந்திருந்தாலும் பெட்டியைத் திறந்து பாருங்கள். காவல்துறைக்கென்று 1950இல் குடியரசு மலர்ந்ததை ஒட்டி ஒரு தனிப் பதக்கமும் உண்டு. அதையும் 1947 பதக்கத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 3: விளிம்பைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பதக்கத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுவது விளிம்பு. பக்கவாட்டில், அந்த மெல்லிய தடிமனில், சர்வீஸ் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் குத்தியிருப்பார்கள். எல்லாப் பதக்கத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

இங்கேதான் 1947 பதக்கத்தின் அருமை தெரியும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலோ வடஆப்பிரிக்காவிலோ இருந்த இந்திய வீரர்களுக்குக் கிடைத்த நட்சத்திரங்களும் போர்ப் பதக்கமும் பெயர் பொறிக்காமல் வந்தவை. பர்மா ஸ்டாரைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது யாருடையது என்று சொல்லாது. அதே வரிசையில் தொங்கும் 'காசு பெறாத' சுதந்திரப் பதக்கம்தான் சொல்லும். அதைக் கழற்றி எறிந்துவிட்டால் மிச்சமிருக்கும் நட்சத்திரங்கள் அனாதை ஆகிவிடும்.

படிப்பதற்கு வெளிச்சம்தான் முக்கியம், பூதக்கண்ணாடி அடுத்தபடி. மேலிருந்து டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் எழுத்து தெரியாது. அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட தரையோடு தரையாகப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். இன்னொரு கைபேசியில் வீடியோ ஓடவிட்டுப் பதக்கத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். அப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொள்ளலாம். மெல்லிய காகிதத்தை விளிம்பில் சுற்றி, மென்மையான பென்சிலால் சாய்வாகத் தேய்த்தாலும் எழுத்து ஏறும். சாக்பீஸ் தூளையோ விபூதியையோ எழுத்தில் அடைத்துப் பார்ப்பது வேண்டாம். ஈரம் பட்டால் அது உள்ளேயே இறுகிவிடும்.

எழுத்து கிடைத்ததும் சுருக்கங்களைப் பிரிக்க வேண்டும். 'எஸ்இபி' என்றால் சிப்பாய். 'என்கே' நாயக். அதற்கு முன் 'எல்' சேர்ந்தால் லான்ஸ் நாயக். 'எச்ஏவி' ஹவில்தார். எண்ணுக்கு முன்னால் 'ஜேசி' இருந்தால் நாயப் சுபேதார், சுபேதார் போன்ற ஜூனியர் கமிஷன்டு அதிகாரி. 'ஐசி' என்றால் நிரந்தர கமிஷன் பெற்ற அதிகாரி, 'எஸ்எஸ்' என்றால் குறுகிய கால கமிஷன். படைப்பிரிவில் மெட்ராஸ் என்பதற்குப் பக்கத்தில் 'ஆர்' இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். 'ஏஎஸ்சி' தளவாட வழங்கல், 'ஈஎம்ஈ' மின் இயந்திரப் பொறியாளர் பிரிவு.

1947 பதக்கத்தில் சில சொற்கள் வேறு மாதிரி இருக்கும். அப்போது பல பிரிவுகளின் பெயருக்கு முன்னால் 'ராயல்' இருந்தது, அதனால் 'ஆர்ஐஏஎஸ்சி' என்றும் விமானப் படைக்கு 'ஆர்ஐஏஎஃப்' என்றும் காணலாம். குடியரசு ஆனதும் அந்த ராயல் போய்விட்டது. அதேபோல் இன்று நாயப் சுபேதார் என்கிற பதவிக்கு 1965 வரை ஜெமதார் என்றே பெயர். 1947 பதக்கத்தின் விளிம்பில் நாயப் சுபேதார் என்று இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். யாரோ பிற்காலத்தில் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தருக்கு முனுசாமி முனிஸ்வாமி ஆவார், சண்முகம் ஷண்முகம் ஆவார், இனிஷியல் காணாமலேயே போகும், அப்பா பெயர் பிள்ளையின் பெயராகவே நிற்கும். சர்வீஸ் எண் பொருந்தினால் போதும், பெயரில் ஒன்றிரண்டு எழுத்து முன்பின் இருந்தாலும் ஆள் அவர்தான்.

ஒரே வரிசையில் 1947, 1972 இரண்டும் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். 25 ஆண்டுக்கு மேல் பணியில் நீடித்தவர் என்று பொருள். சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு அவ்வளவு நீண்ட காலம் கிடைப்பதற்குப் பதவி உயர்வுகள் வந்திருக்க வேண்டும். இரண்டு விளிம்புகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால், ஒன்றில் சிப்பாயோ நாயக்கோ, மற்றதில் சுபேதாரோ சுபேதார் மேஜரோ என்று அவர் ஏறிய உயரம் முழுவதும் அங்கே தெரியும். ஜேசி ஆனதும் எண்ணே மாறிவிடும் என்பதால், எண்கள் வேறாக இருக்கின்றனவே என்று வேறு ஆளாக எண்ணிவிடாதீர்கள். ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் மார்பிலும் இந்த இரண்டு ரிப்பன்களும் சேர்ந்தே இருந்தன. சிப்பாய்க்கும் தலைமைத் தளபதிக்கும் வேறுபாடே இல்லாமல் ஒரே உலோகத்தில் ஒரே பதக்கம். இதன் பெருமை அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

படி 4: காகிதங்களோடு ஒப்பிடுங்கள்

விளிம்பில் கிடைத்ததை டிஸ்சார்ஜ் புக்கோடு, அதாவது பணியிலிருந்து விலகும்போது படை தரும் பதிவேட்டோடு, பொருத்திப் பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பெற்ற பதக்கங்கள் என்று அதில் பதிவு இருக்கும். பென்ஷன் உத்தரவிலும் எண்ணும் பதவியும் படைப்பிரிவும் உண்டு.

பதக்க வரிசையே ஒரு காலக்கோடுதான். ரக்ஷா மெடல் இருந்தால் 1965 போரின்போது பணியில் இருந்திருக்கிறார். சங்ராம் மெடல் 1971ஐச் சொல்லும், பூர்வி ஸ்டார் கிழக்கு முனையிலும் பச்சிமி ஸ்டார் மேற்கு முனையிலும் இருந்ததைச் சொல்லும். சங்ராம் மெடல் இருந்து 25ஆம் ஆண்டுப் பதக்கம் இல்லையென்றால் இரண்டு வாய்ப்புகள்தான். 1972 ஆகஸ்ட்டுக்கு முன்பே வெளியே வந்திருக்கலாம், அல்லது பதக்கம் வந்து சேராமலோ தொலைந்தோ போயிருக்கலாம். விலகிய தேதியைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இதேபோல் கார்கில் காலத்து ஆபரேஷன் விஜய் மெடல் இருப்பவர் 1997க்கு முன்பே சேர்ந்திருந்தால் 50ஆம் ஆண்டுப் பதக்கமும் இருந்தாக வேண்டும்.

படி 5: வராத பதக்கத்தைக் கேளுங்கள்

பதக்கம் அறிவிக்கப்பட்ட பிறகு அச்சாகி ஆள் கைக்கு வருவதற்குள் பலர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார்கள். பெயர் பட்டியலில் இருந்தும் வாங்காமலே போனவர்கள் உண்டு. கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்க வேண்டிய இடம் அவர் பணியாற்றிய பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்ஈக்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. விமானப் படையினருக்கு டெல்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள பதிவு அலுவலகம், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள அலுவலகம்.

கடிதத்தில் கதை எழுத வேண்டாம். சர்வீஸ் எண், பதவி, பெயர், கடைசியாக இருந்த பட்டாலியன், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பதக்கம் கேட்கிறீர்கள், உங்களுக்கு என்ன உறவு என்பது போதும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு நகல்களை இணையுங்கள். வீரர் மறைந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். ஒருமுறை பெற்றுத் தொலைத்துவிட்ட பதக்கத்துக்கு மாற்று கேட்பது வேறு வகை விண்ணப்பம் என்பதால், 'இதுவரை பெறவில்லை' என்றோ 'பெற்றுத் தொலைந்தது' என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினால் படிவமும் முகவரியும் தவறாமல் இருக்கும், அங்குள்ளவர்களுக்கு இது பழகிய வேலை. பதில் வரத் தாமதமாகும், ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 6: தேய்க்காதீர்கள்

தமிழ் வீடுகளில் உலோகம் மங்கினால் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்குப் புளி, பாத்திரத்துக்கு சபீனா, வெள்ளிக்கு விபூதி. பதக்கத்துக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். புளியின் அமிலம் செப்பை அரிக்கும். பொடிகள் உலோகத்தைச் சுரண்டும். பிராசோ என்ற உலோகப் பாலிஷ் பளபளப்பைத் தருவது உண்மை, ஆனால் ஒவ்வொரு முறையும் மேலடுக்கைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் தரும். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பித்தளை பட்டனைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் பதக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் தேய்த்திருப்பார்கள். சிங்கத்தின் மூக்கு மழுங்கி, விளிம்பில் எழுத்து ஆவியாகிப் போன பதக்கங்களைப் பார்த்தால் வயிறு எரியும். அவர் தேய்த்தது அவர் உரிமை. நாம் தொடர வேண்டாம்.

அழுக்கு இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பிசுக்கு இருந்தால் ரிப்பனைக் கழற்றிவிட்டு, பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மிதமான சோப்பு கலந்து, பஞ்சால் ஒற்றியெடுத்து, வெறும் நீரால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். அவ்வளவுதான். ஒரே சீராகப் படிந்திருக்கும் சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, உலோகத்தின் வயது. அதுவே அதற்குக் கவசம்.

பச்சைப் பொட்டு வேறு விஷயம். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னை மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் செப்பு கலந்த எதிலும் பச்சை பூக்கும். அதைவிடப் பெரிய எதிரி நாம் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுவைக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் உறை. பிவிசி நாளடைவில் சிதைந்து அமிலம் விடும், அது செப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான பச்சைப் படலமாகும். பழைய நாணய ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொட்டு பரவிக்கொண்டே போனால் நீங்களே சுரண்டாமல் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளைப் பேணுவதற்கென்றே பழைமையான வேதியியல் ஆய்வுக்கூடம் உண்டு. என்ன செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவாவது அணுகலாம்.

சேமிக்கும்போது அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அதன் அமிலம் ரிப்பனை மஞ்சளாக்கும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். அந்துருண்டையை ரிப்பன்மேல் படும்படி போடாதீர்கள்.

ரிப்பனைத் துவைக்கவே கூடாது. காவியும் பச்சையும் வெள்ளையில் இறங்கிவிடும். நைந்துபோயிருந்தாலும் அந்த ரிப்பன் அவர் சட்டையில் இருந்தது. புது ரிப்பன் மாட்டி அணிய விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள், பழையதைத் தனி உறையில் வையுங்கள். டெல்லி கன்டோன்மென்ட்டின் கோபிநாத் பஜார் மாதிரியான படைக் கடைத்தெருக்களில் புது ரிப்பன் கிடைக்கும்.

படி 7: வரிசையும் சட்டகமும்

வரிசையில் போர்ப் பதக்கங்கள் முன்னே வரும், அப்புறம் கடினமான பகுதிகளில் பணியாற்றியதற்கான சைன்ய சேவா மெடல் போன்றவை. அவற்றுக்குப் பின்னால் 1947 சுதந்திரப் பதக்கம், பிறகு ஆண்டு விழாப் பதக்கங்கள். 50ஆம் ஆண்டும் 25ஆம் ஆண்டும் சேர்ந்திருந்தால் 50 முந்தும். அதன் பிறகு 30, 20, 9 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்கள், கடைசியாக பிரிட்டிஷ் காலத்து பர்மா ஸ்டார், போர்ப் பதக்கம் எல்லாம். காலத்தால் முந்திய பர்மா ஸ்டார் கடைசியில் தொங்குவதைத் தவறு என்று நினைத்துச் சிலர் மாற்றி மாட்டிவிடுகிறார்கள். இந்தியப் பதக்கங்களுக்குப் பிறகே காமன்வெல்த் பதக்கங்கள் என்பது விதி. அவர் மாட்டியிருந்தது சரி.

வரிசையின் முதல் பதக்கம் அணிபவரின் மார்பு நடுவை ஒட்டி இருக்கும். மறைந்தவரின் பதக்கங்களைக் குடும்பத்தார் நினைவு நிகழ்ச்சிகளில் அணிவதானால் வலது மார்பில் அணிவது வழக்கம். தன்னைப் படைவீரர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு படையின் உடையையும் சின்னத்தையும் அணிவது சட்டப்படி குற்றம்.

ஃபிரேம் போடும் கடையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஃபெவிகால் தடவித் துணியில் ஒட்டிவிடுவது அவர்களுக்குச் சுலபம், பிறகு எடுக்கவே முடியாது. ரிப்பனின் மேல் மடிப்பை மட்டும் துணியோடு தைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் பதக்கத்துக்கும் இடையில் விரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். வெயில் படும் சுவர் வேண்டாம். சட்டகத்துக்குள் போகும் முன் விளிம்புகளைப் படம் எடுத்துவிடுங்கள்.

படி 8: வாங்குகிறவர்களுக்கு

இவை வெள்ளி இல்லை, உலோக மதிப்பு என்று ஒன்றும் கிடையாது. தனிப் பதக்கமாகப் பெயரில்லாத 25ஆம் ஆண்டுப் பதக்கம் எளிதில் கிடைப்பது, அதற்குப் பெரிய விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள். ஒரே பெயரில் முழு வரிசையாகக் காகிதங்களோடு வந்தால்தான் மதிப்பு. அப்படி வந்ததைப் பிரித்து விற்பவரிடம் வாங்காதீர்கள். வாங்கினால் அந்தப் பழக்கத்துக்கு நாமே தீனி போட்டதாகும்.

நகல்கள் ஏராளம், ஆனால் எல்லாம் மோசடி இல்லை. பதக்கம் வரத் தாமதமானதால் வீரர்கள் அணிவகுப்புக்காகக் கடைத்தெருவில் நகல் வாங்கி அணிந்து, அசல் வந்ததும் பெட்டியில் வைப்பது சாதாரணம். ஆகவே வீட்டுப் பெட்டியில் ஒரே பதக்கம் இரண்டு இருந்தால் ஆச்சரியமில்லை. அசல் அச்சில் அழுத்தி அடித்தது, எழுத்து ஓரங்கள் கூர்மையாக இருக்கும், சக்கரத்தின் 24 ஆரங்களையும் எண்ண முடியும். வார்ப்பு நகலில் பரப்பில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள், மழுங்கிய எழுத்து, விளிம்பைச் சுற்றி அச்சுகள் சேர்ந்த கோடு தெரியும்.

பெயர் மாற்றிய பதக்கமும் உண்டு. பழைய பெயரை அராவித் தேய்த்துவிட்டுப் புதியதைக் குத்துவார்கள். அப்படிச் செய்தால் விளிம்பு ஒரே உயரமாக இருக்காது, வெர்னியர் காலிப்பரை வைத்துக் குறுக்களவை நாலைந்து திசைகளில் அளந்தால் வேறுபாடு பிடிபடும். வரிசையின் மற்றப் பதக்கங்களில் இருக்கும் எண்ணோடும் ஒப்பிடுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருள்களுக்கான 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இப்போதைக்கு 1947 பதக்கத்துக்குப் பொருந்தாது. அதே பெட்டியில் முதல் உலகப் போர்ப் பதக்கம் இருந்தால் அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 9: எழுதி வையுங்கள்

தபால் அட்டை அளவுக்கு அமிலமற்ற அட்டை ஒன்றில் பென்சிலால் எழுதுங்கள். மை வேண்டாம், ஈரத்தில் கசியும். விளிம்பில் இருக்கும் எழுத்தை ஆங்கிலத்தில் அப்படியே, பிழை இருந்தால் பிழையோடு. அதற்குக் கீழே தமிழில் முழுப்பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு. பதக்கம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. சீருடையில் அவர் எடுத்த படம் இருந்தால் அதன் நகல். வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் அந்த ஆகஸ்ட் 15 அன்று அவர் எந்த ஊர் முகாமில் இருந்தார் என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதிவிடுங்கள். விளிம்பின் படங்களைக் குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்துவைத்து, அட்டையைப் பதக்கத்தோடு அதே டப்பாவில் போடுங்கள்.